முடி கொட்டும் காலத்தில் ஒரு நல்ல கத்தரி: அனுப்பர்பாளையத்துப் பார்லர் பற்றி

எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டு, மூன்று நான்கு மாதத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வர ஆரம்பித்திருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். திருப்பூர் அனுப்பர்பாளையத்தில், பாத்திரப் பட்டறைகள் இருக்கும் ஒரு சந்துக்குள், ஒரே ஒரு நாற்காலி போட்ட லேடீஸ் பார்லர் அது. நடத்துகிறவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு அக்கா. உதவிக்கு ஒரு பெண் வைத்திருக்கிறார். கடைப் பெயரைப் போட்டு எழுதட்டுமா என்று கேட்டேன். "வேண்டாங்க அம்மணி, இப்ப வர்றவங்களுக்கே கை பத்த மாட்டேங்குது" என்றார். அதனால் பெயர் போடவில்லை. பெயர் இல்லாவிட்டாலும் அவர் என் தலையில் என்ன செய்தார், ஏன் செய்தார் என்பது தெரிந்தால் உங்கள் ஊர்ப் பார்லரிலேயே அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

என் மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடி வெட்டுக்கு ஐந்துக்கு ஐந்து. பொறுமைக்கும் அதே ஐந்து. வசதிக்கு இரண்டரை. சாப்பாட்டு யோசனைக்கு ஒன்று. அந்தக் கடைசி ஒன்றுக்குக் காரணம் பின்னால் வருகிறது, அதைக் கண்டிப்பாகப் படியுங்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கோயம்புத்தூரில் ஸ்லீவ் ஆபரேஷன் ஆயிற்று. இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் எடுத்துவிட்டு, மீதியை ஒடுக்கமான குழாயாக விட்டுவிடுவார்கள். 112 கிலோ இருந்தேன். சர்க்கரையும் முட்டி வலியும் சேர்ந்து படுத்தின பாட்டில் எடுத்த முடிவு. சர்க்கரை மாத்திரை நின்றது, படி ஏறும்போது மூச்சு வாங்குவது நின்றது. இன்றைக்கும் அந்த முடிவில் எனக்கு முழுத் திருப்திதான். முடி கொட்டும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியும் இருந்தார். ஆனால் காதால் கேட்பது வேறு, குளித்துவிட்டு வந்து சீப்பைப் பார்ப்பது வேறு.

எங்கள் வேலையில் முடி என்பது ஒரு டிஃபெக்ட். நூல், எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை வரிசையில் அதுவும் சேர்த்தி. டேபிளில் டியூப் லைட்டுக்குக் கீழே வெள்ளை டீ-ஷர்ட்டை விரித்தால் ஒற்றை முடி கூடக் கண்ணில் குத்தும். அதனால் எல்லோரும் கேப் போடுவோம். ஆபரேஷனுக்கு அப்புறம் என் கேப்புக்குள் சாயங்காலம் ஒரு கைப்பிடி சேர்ந்திருக்கும். ஒரு நாள் நேவி ப்ளூ பீஸ் மேல் விழுந்த முடியை எடுத்துப் பார்த்தேன். நுனியில் கடுகை விடச் சின்னதாக வெள்ளை முனை. வேரே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது, இனிமேல் அங்கே முளைக்காது என்று நினைத்து அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. நீங்களும் அப்படி நினைத்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து கேளுங்கள்: அது வேர் இல்லை. வளர்ச்சியை முடித்துக்கொண்ட முடியின் அடிப்பகுதி. முடி முளைக்கும் குழி தலையில் அப்படியே இருக்கிறது.

தோல் டாக்டர் சீட்டில் டெலோஜன் எஃப்ளூவியம் என்று எழுதி, பொறுமையாக விளக்கினார். தலைமுடியில் பத்தில் ஒன்பது பங்கு எப்போதும் வளர்ந்துகொண்டிருக்குமாம், மீதி ஓய்வில் இருக்குமாம். பெரிய ஆபரேஷன், திடீரென்று சாப்பாடு குறைவது, வேகமாக எடை இறங்குவது என்று உடம்பு அதிர்ந்தால், வளர வேண்டிய முடியில் கணிசமான பங்கு ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அந்த ஓய்வு இரண்டு மூன்று மாதம். அது முடிந்ததும் எல்லாம் சேர்ந்து உதிரும். ஆபரேஷன் ஆன மறுநாளே கொட்டாமல் மூன்றாம் மாதம் வாக்கில் ஆரம்பிப்பது இதனால்தான். பார்லர் அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்சம் கூட ஆச்சரியப்படவில்லை. "பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சா தாய்க்கு முடி கொட்டும்னு சொல்லுவாங்களே, அதே கதைதானுங்க" என்றார். அதே கதைதான். பிரசவத்துக்கு அப்புறம் கொட்டுவதும் இந்த வகைதான் என்று டாக்டரும் சொன்னார்.

இந்த அக்காவிடம் வருவதற்கு முன்னால் வேறு ஒரு பார்லருக்குப் போயிருந்தேன். கண்ணாடிக் கதவு, ஏசி, காபி எல்லாம் உண்டு. முடி கொட்டுகிறது என்று வாயைத் திறந்ததுமே ஸ்பா பேக்கேஜ், கெரட்டின், சீரம் என்று ஒரு அட்டையை நீட்டினார்கள். "வால்யூம் தெரியும் மேடம்" என்று சொல்லி ஸ்டெப் கட் போட்டுவிட்டார்கள். அடர்த்தியான முடிக்கு ஸ்டெப் கட் அழகு. மெலிந்த முடியில் மேலே படி படியாக எடுத்துவிட்டால் கீழே நுனியில் என்ன மிஞ்சும்? நாலு இழை. தையல் விட்டுப்போய் நூல் தொங்குகிற பனியன் ஓரம் மாதிரி ஆகிவிட்டது. அங்கே யாரும் ஆபரேஷன் எப்போது ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்கா கேட்ட முதல் கேள்வியே அதுதான். அடுத்தது, இன்னும் கொட்டுகிறதா, குறைந்திருக்கிறதா என்று. மூன்றாவது, வேலைக்குத் தலையை எப்படிக் கட்டிக்கொண்டு போகிறேன் என்று. கத்தரியைத் தொடுவதற்கு முன்னால் வால் சீப்பை வைத்து நடு உச்சி, இரண்டு பக்க நெற்றிப்பொட்டு, பின்னந்தலை என்று ஒவ்வொரு இடமாக வகிடு எடுத்துப் பார்த்தார். எனக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று மூடி மறைக்கவும் இல்லை, "ஐயையோ" என்று உச்சுக்கொட்டவும் இல்லை. கைக் கண்ணாடியைப் பின்னால் பிடித்து எனக்கே காட்டினார். உச்சியில் வகிடு விரிந்திருந்தது. பொட்டுப் பக்கம் இரண்டும் நன்றாக மெலிந்திருந்தது. பின்னந்தலையில் அவ்வளவு மோசம் இல்லை.

அப்புறம் செய்த ஒரு காரியத்துக்காகவே இந்த விமர்சனத்தை எழுதலாம். நெற்றி ஓரத்தில் முடியைப் பின்னால் தள்ளி, ஒரு வெள்ளை அட்டையை நெற்றிக்கும் முடிக்கும் நடுவில் பிடித்தார். "இங்க பாருங்க அம்மணி" என்றார். ஒரு விரற்கடை நீளத்துக்குக் குட்டிக் குட்டி முடிகள் நட்டுக்கொண்டு நின்றன. உடைந்து போன முடி என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். "உடைஞ்சதா இருந்தா நுனி மொட்டையா இருக்கும். இது நுனி ஊசியா இருக்கு பாருங்க. புதுசா முளைச்சது" என்றார். உற்றுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் மேலே போகப் போக மெலிந்து ஊசி முனையாக முடிந்திருந்தது. ஒரு பக்கம் கொட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் முளைத்துக்கொண்டிருக்கிறது. அத்தனை மாதத்தில் எனக்கு நிம்மதி வந்தது அந்த நிமிஷத்தில்தான். வீட்டில் நீங்களும் பார்க்கலாம். நெற்றி ஓரம், பகல் வெளிச்சம், பின்னால் ஒரு வெள்ளைத் தாள், அவ்வளவு போதும்.

சரி, என்ன வெட்டு? எனக்கு இடுப்பு வரைக்கும் சடை. அதை விடுவதற்கு மனம் வரவில்லை. அக்கா வற்புறுத்தவில்லை, ஒரு கணக்கை மட்டும் சொன்னார். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். இப்போது முளைக்கிறது இடுப்பு நீளத்துக்கு வந்து சேர ஐந்தாறு வருஷம் ஆகும். அதுவரைக்கும் மேலே அடர்த்தி, கீழே எலிவால் என்றுதான் சடை நிற்கும். தோளுக்குக் கொஞ்சம் மேலே நிறுத்திவிட்டால், புது முடி இரண்டு இரண்டரை வருஷத்தில் பழைய முடியை எட்டிப் பிடித்துவிடும். "அப்புறம் எல்லாம் ஒண்ணா சேர்ந்து வளரட்டும், சடை எங்கியும் போயிடாது" என்றார். இருக்கிற முடிக்கு மட்டும் இல்லாமல், வரப்போகிற முடிக்கும் சேர்த்து யோசிக்கிற ஆளை நான் அங்கேதான் பார்த்தேன். சடையை விட ஒப்புக்கொண்டேன்.

பாய் கட் வைத்துவிட்டால் என்ன என்றும் கேட்டேன். வைக்கலாம், ஆனால் உங்களுக்கு வேண்டாம் என்றார். பொட்டுப் பக்கம் மெலிந்திருப்பதை மறைக்க நீளம் வேண்டும், பாய் கட்டில் அது இருக்காது. மாதா மாதம் வந்து திருத்திக்கொள்ளவும் வேண்டும். இன்னொன்றும் சொன்னார், அதை நான் யோசித்ததே இல்லை: எடை இன்னும் இறங்கப் போகிறது, முகம் மாறிக்கொண்டே இருக்கும். உண்மைதான். கன்னம் வற்றி, தாடைக்குக் கீழே தோல் கொஞ்சம் தொங்க ஆரம்பித்திருந்தது. தாடையோடு கோடு போட்ட மாதிரி பாப் வெட்டினால் பார்க்கிறவர் கண் நேராக அந்த இடத்துக்குத்தான் போகும். அதனால் தாடைக்குக் கீழே இரண்டு மூன்று விரற்கடை இறக்கி, கழுத்தெலும்புக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தலாம் என்று முடிவு செய்தோம். குண்டாக இருந்தபோது முகத்துக்குப் பொருந்தியதை வைத்து இப்போது முடிவு எடுக்காதீர்கள். ஆபரேஷனுக்கு முந்தின போட்டோவைக் காட்டி "இதே மாதிரி" என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை.

வெட்டும்போது என்னை எழுந்து நிற்கச் சொன்னார். தண்ணீர் ஸ்ப்ரே லேசாகத்தான், முழுக்க நனைக்கவில்லை. அதே வெள்ளை அட்டையை முடி நுனிக்குப் பின்னால் வைத்து, முடி வழியாக அட்டை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே மேலே நகர்த்தினார். எந்த இடத்தில் அட்டை தெரியாமல் முடி அடர்ந்து நிற்கிறதோ அங்கே கிளிப் போட்டார். வெட்டுக் கோடு அதுதான். பத்திரிகையில் பார்த்த ஸ்டைலும் இல்லை, நடிகை போட்டோவும் இல்லை, என் முடியே சொன்ன கோடு. நேராக, ஒரே மட்டமாக, சாதாரணக் கத்தரியால் வெட்டினார். ரேஸர் எடுக்கவில்லை. பல் வைத்த கத்தரியை, அதாவது அடர்த்தியைக் குறைக்கிற கத்தரியைத் தொடவே இல்லை. முன்பக்கம் மட்டும் இரண்டு பொட்டிலும் கொஞ்சம் முடியைக் கன்ன எலும்பு வரைக்கும் குட்டையாக எடுத்து விட்டார். அது காது ஓரமாக விழுந்து மெலிந்த இடத்தை மூடிக்கொள்கிறது. நெற்றியை மறைக்கிற மாதிரி முழு ஃப்ரிஞ்ச் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்கு உச்சியிலிருந்து முடியை முன்னால் கொண்டுவர வேண்டும், அங்கே கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

அடுத்தது வகிடு. இதில்தான் எங்கள் வீட்டு விவகாரமும் கலந்திருக்கிறது. வருஷக்கணக்காக ஒரே இடத்தில் நேர் வகிடு எடுத்தால் அந்த இடம் விரிந்து தெரியும். பக்கவாட்டில் மாற்றினாலே முடி கொஞ்சம் எழும்பி நிற்கும். ஆனால் கல்யாணமான பெண் நேர் வகிட்டில் குங்குமம் வைக்காமல் இருந்தால் என் அத்தைக்கு மனசு சங்கடப்படும். அவர் சங்கடப்படுவது எனக்கும் பிடிக்காது. அக்கா அதற்கும் வழி சொன்னார்: "நெத்திக்கு மேல ஒரு விரக்கடை மட்டும் நேர் வகிடு இருக்கட்டும். அதுக்கப்புறம் இடது பக்கம் வளைச்சு, கோணல் மாணலா எடுத்துட்டுப் போங்க." குங்குமம் அதன் இடத்தில் இருக்கிறது. உச்சியில் கோடு தெரிவதில்லை. சீப்பின் வால் நுனியால் இப்படியும் அப்படியுமாக எடுத்தால் மண்டைத் தோல் ஒரே நீளக் கோடாகத் தெரியாது. தினமும் அரை நிமிஷ வேலை.

எண்ணெய் விஷயத்திலும் அவர் பேச்சு எனக்குப் பிடித்தது. எண்ணெயே வைக்காதே என்று சொல்லவில்லை. தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு வெளியே போனால் மெல்லிய முடி ஒன்றோடொன்று ஒட்டி, இடையில் மண்டை பளபளவென்று தெரியும். அதனால் குளிக்கிறதுக்கு முன்னால் வைத்துவிட்டு அலசிவிட வேண்டும் என்றார். கருகருவென்று டை அடிப்பதும் அப்படித்தான். முடி எவ்வளவு கறுப்போ அவ்வளவுக்கு அடியில் தோல் வெளுப்பாகத் தெரியும். நரையை மறைக்கத்தான் வேண்டும் என்றால், கொட்டுவது அடங்கிய பிறகு கரும்பழுப்பு போட்டுக்கொள்ளலாம் என்றார். ஸ்ட்ரெயிட்டனிங், ஸ்மூத்தனிங் எதுவும் இப்போது கிடையாது என்று கறாராகச் சொல்லி, அந்தக் காசை அவரே வேண்டாம் என்றார். எனக்குத் தெரிந்து தானே வருகிற வரும்படியைத் தட்டிவிடுகிற பார்லர் இது ஒன்றுதான்.

வேலைக்கு என்று ஒரு தனி யோசனை. முன்பு இறுக்கிக் கொண்டை போட்டு, அதன் மேல் கேப்பை மாட்டுவேன். இறுக்கிக் கட்டினால் வேர் பக்கம் நாள் முழுக்க இழுபடும். நெற்றி ஓரமும் பொட்டும் அதனால்தான் இன்னும் பாதிக்கப்படும். ஆபரேஷனால் கொட்டினது திரும்ப முளைக்கும், ஆனால் வருஷக்கணக்காக இழுபட்டுப் போன இடத்தில் முளைக்காமலேயும் போகலாம். இப்போது முடி கழுத்தோடு நிற்பதால் துணி ரப்பர் பேண்ட் போட்டு தளர்வாகக் கட்டி, அதன் மேல் பருத்திக் கேப். சாயங்காலம் கேப்பைக் கழற்றினால் தலை அமுங்கிப் போயிருக்கும்தான். குனிந்து முடியை முன்னால் தள்ளி, விரலால் நாலு தரம் கோதி நிமிர்ந்தால் சரியாகிவிடுகிறது.

டாப்பர் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். உச்சியில் கிளிப் போட்டு மாட்டுகிற விக் துண்டு. நான் பார்த்த நல்ல டாப்பர், நிஜ முடியில் செய்தது, 12 ஆயிரத்துக்கு மேல் விலை சொன்னார்கள். அக்காவிடம் ஒரு கஸ்டமர் விட்டுப்போன டாப்பர் இருந்தது, போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் பழைய நான்தான் தெரிந்தேன், அதைப் பொய் சொல்லக் கூடாது. ஆனால் கிளிப் மாட்டுகிற இடத்தில் இருக்கிறதே மெலிந்த முடி, அதைத்தான் அது கவ்விக்கொண்டு இழுக்கிறது. திருப்பூர் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, அதன் மேல் கேப்பும் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் வேலை பார்க்க முடியாது. முடி முக்கால்வாசி போய்விட்டவர்களுக்கும், கேன்சர் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் அதன் அருமை வேறு. என்னைப் போல ஆறேழு மாதத்தில் அடங்கப் போகிற கேஸுக்கு நான் காசு போட மாட்டேன். தலையில் தூவிக்கொள்கிற ஃபைபர் பொடியும் அப்படியே. விசேஷத்துக்கு அருமையாக மறைக்கிறது. வியர்த்தால் நெற்றியில் கறுப்பாக வழிகிறது. வெள்ளை பீஸ் மேல் உதிர்ந்தால் என் வேலை போய்விடும்.

சித்தி மகள் கல்யாணத்துக்குச் சடை வேண்டும் என்று எல்லோரும் ஒற்றைக் காலில் நின்றார்கள். சவுரி வைத்துப் பின்னிவிடுங்கள் என்று அக்காவிடம் போனேன். சவுரியின் கனம், அதன் மேல் நாலு முழம் மல்லிகைப் பூவின் கனம், எல்லாம் பின்னந்தலையில் ஒரே பிடியில் தொங்கும். முடியவே முடியாது என்றார். அதற்குப் பதிலாகக் கழுத்துக்கு மேலே தாழ்வாக ஒரு கொண்டை, அதைச் சுற்றிக் கறுப்பு வலை. பூவை முடியில் சொருகாமல் அந்த வலையில் யு பின் வைத்துச் சுற்றிவிட்டார். கனத்தை வலை தாங்கிக்கொண்டது. ராத்திரி கழற்றும்போது முடி ஒன்றும் பிய்த்துக்கொண்டு வரவில்லை. புடவைக்கும் நன்றாக இருந்தது.

அந்தக் கல்யாண வீட்டில்தான் பெரியம்மா, "பழனிக்குப் போய் மொட்டை போட்டுட்டு வா, கருகருன்னு வளரும்" என்றார். வேண்டுதல் இருந்தால் மொட்டை போட்டுக்கொள்ளுங்கள், அது உங்களுக்கும் முருகனுக்கும் உள்ள விஷயம். ஆனால் வழித்தெடுப்பது தோலுக்கு மேலே இருக்கிற முடியை. அடர்த்தியைத் தீர்மானிப்பது தோலுக்கு அடியில் இருக்கிறது, கத்தி அங்கே போவதில்லை. நுனி வெட்டுப்பட்ட முடி முளைக்கும்போது தடிமனாகத் தெரியும், அவ்வளவுதான்.

இப்போது அந்தக் குறைந்த மதிப்பெண்ணுக்கு வருகிறேன். அக்காவுக்கு மனசு பெரிசு. வருகிறவர்களுக்கெல்லாம் கறிவேப்பிலை ஜூஸ், நெல்லிக்காய் ஜூஸ், தினம் ஒரு டம்ளர் என்று சொல்லுவார். மற்றவர்களுக்கு அது நல்லதாக இருக்கட்டும். ஸ்லீவ் ஆன நமக்கு ஒரு டம்ளர் ஜூஸ் குடித்தால் வயிற்றில் அப்புறம் இடமே இருக்காது. நமக்கு முடிக்கு முதல் தேவை புரதம். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் என்று எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். தட்டில் முதலில் முட்டை, மீன், கோழி, பனீர், சுண்டல் போக வேண்டும். சோறும் இட்லியும் கடைசியில், இடம் இருந்தால். தண்ணீரோ மோரோ சாப்பாட்டோடு இல்லாமல் அரை மணி நேரம் தள்ளி. கறிவேப்பிலையைத் துவையலாக ஒரு ஸ்பூன் தொட்டுக்கொண்டால் போதும். அக்காவிடம் இதை நேரிலேயே சொன்னேன், அவரும் கேட்டுக்கொண்டார். ஆனால் அடுத்த கஸ்டமரிடம் மறுபடி ஜூஸ் பேச்சுதான் நடந்தது. கத்தரி விஷயத்தில் அவர் சொல்வதை அப்படியே கேளுங்கள். சாப்பாட்டுக்கு உங்கள் டயட்டீஷியனைக் கேளுங்கள்.

இதையும் பார்லரில் சொல்ல மாட்டார்கள். எனக்கு ஃபெரிட்டின் பரிசோதித்தபோது 11 இருந்தது. இரும்புச் சேமிப்பு கிட்டத்தட்டக் காலி. இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போடக் கூடாது, நடுவில் இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். துத்தநாகம், பி12, வைட்டமின் டி எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். முடிக்கு நல்லது என்று துத்தநாக மாத்திரையை நீங்களாகவே கூடுதலாகப் போடாதீர்கள், அது உடம்பில் செம்பைக் குறைத்துவிடும். முடிக்கு என்று பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தைராய்டு ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ரிசல்ட்டையே மாற்றிக் காட்டிவிடும் என்று எனக்கு இரண்டு நாள் முன்னாலேயே நிறுத்தச் சொன்னார்கள். ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் தாண்டியும் கொட்டுகிறது, அல்லது ஆறு மாதத்துக்கு அப்புறம்தான் புதிதாக ஆரம்பிக்கிறது என்றால், அதை அதிர்ச்சிக் கணக்கில் சேர்க்காமல் சத்துக் குறைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த வெட்டும் அதற்கு மருந்து இல்லை.

இரண்டாவது வெட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது முழுசாகாது. கொட்டுவது அடங்கின பிறகு வேறு ஒரு தொந்தரவு வரும். புது முடி ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்ந்து, தலை முழுக்க நட்டுக்கொண்டு நிற்கும். நெற்றி ஓரத்தில் ஒட்டவும் செய்யாது, பின்னுக்கும் போகாது. ஜெல் போட்டு அமுக்கலாமா, அதை மட்டும் வெட்டிவிடலாமா என்று கேட்டேன். "அத வெட்டறதுக்கா இத்தன நாள் காத்திருந்தீங்க?" என்று அக்கா கோபித்துக்கொண்டார். நெற்றி ஓரக் குட்டி முடியை அப்படியே விட்டார். அதற்குப் பொருந்துகிற மாதிரி முன்பக்க நீள முடியில் கொஞ்சம் எடுத்து, இரண்டும் கலந்து பக்கவாட்டில் விழுகிற மாதிரி செய்தார். அடி மட்டத்தை ஒரு சென்டிமீட்டர் திருத்தினார். வேரில் மட்டும் லேசான சூட்டில் டிரையரை எதிர்ப் பக்கமாகக் காட்டி எழுப்பிவிட்டார். இப்போது என் முடியைப் பார்க்கிறவர்கள் வேண்டுமென்றே வைத்துக்கொண்ட ஸ்டைல் என்றுதான் நினைக்கிறார்கள். எங்கள் செக்கிங்கில் இரண்டு பெண்கள் அதே மாதிரி வேண்டும் என்று அக்காவிடம் போய் வெட்டிக்கொண்டு வந்தார்கள்.

குறைகள் உண்டு. ஏசி கிடையாது, ஃபேன்தான். போனில் அப்பாயின்ட்மென்ட் தர மாட்டார், போய் உட்கார வேண்டும். முகூர்த்த நாட்களில் மணப்பெண் அலங்காரத்துக்குப் போய்விடுவார், உதவிக்கு இருக்கிற பெண்தான் கடையில் இருப்பார். அவர் ஐப்ரோ, வாக்ஸிங் நன்றாகச் செய்வார், முடி வெட்டு மட்டும் அவரிடம் வேண்டாம். டிவி சத்தம் அதிகம். வண்டி நிறுத்த இடம் இல்லை, மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடக்க வேண்டும். காத்திருக்கும் பெஞ்சில் முதுகுச் சாய்வு இல்லாததால், ஆபரேஷன் ஆகி ஒன்றிரண்டு மாதமே ஆனவர்கள் துணைக்கு ஒரு ஆளை அழைத்துக்கொண்டு போவது நல்லது. உடன் உங்கள் தண்ணீர் பாட்டிலும் புரத பானமும் கட்டாயம்.

கட்டணம் முதல் வெட்டுக்கு 250 ரூபாய், திருத்தத்துக்கு 150. ஜிபே வாங்கிக்கொள்கிறார்.

வேறு ஊரில் இருப்பவர்கள் உங்கள் பார்லரில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஆபரேஷனால முடி கொட்டுது, திரும்ப முளைக்கும். ஒரே மட்டமா ஸ்ட்ரெயிட் கட் போடுங்க. ஸ்டெப், ஃபெதர் வேண்டாம், பல் கத்தரி வேண்டாம். நெத்தி ஓரத்துக் குட்டி முடிய வெட்டாதீங்க." கேட்டுவிட்டு உடனே ஸ்பா பேக்கேஜ் பேச ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். அனுப்பர்பாளையத்துக்கே வருகிறவர்கள் செவ்வாய்க்கிழமை வராதீர்கள், அன்றைக்குக் கடை லீவு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது. புதன் வியாழன் காலை பத்தரைக்கு வந்தால் அக்கா நிதானமாக உட்கார்ந்து பேசுவார். முந்தின நாளே தலைக்குக் குளித்துவிடுங்கள், எண்ணெய் வைக்காமல் வாருங்கள். எண்ணெய்த் தலையில் எவ்வளவு முடி இருக்கிறது என்று அவரால் சரியாகப் பார்க்க முடியாது, திருப்பி அனுப்பிவிடுவார்.